அத்தியாயம் 6: காட்டுக்குள் ஒரு வரலாற்று நடை – லாமிங்டன் தேசியப் பூங்கா

லாமிங்டனில் ஒரு நாள் முழுக்க நடந்துவிட்டு, "மரம் பார்த்தோம், அருவி பார்த்தோம்" என்று திரும்புகிறவர்களே அதிகம். அவர்கள் நடந்த பாதையையே வேலையில்லாத் திண்டாட்டக் காலத்துக் கூலியாட்கள் மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு வெட்டினார்கள் என்பதும், வலப்பக்கம் தெரிந்த பள்ளத்தாக்கு ஒருகாலத்தில் பால்மாட்டுக்காகத் திருத்தப்பட்டது என்பதும் யாரும் சொல்லாமல் தெரிய வழியில்லை. மழைக்காடு தடயங்களை வைத்திருக்காது. மரக்குடிசை ஒரு தலைமுறைக்குள் மக்கிவிடும், வெட்டவெளி மூடிக்கொள்ளும், மரத்தில் கொத்திய குறியின்மேல் பட்டை வளர்ந்துவிடும். ஆகவே இங்கே வரலாற்று நடையின் பாதி வேலை வீட்டு மேசையில் முடிய வேண்டும். அந்தப் பாதியை எப்படிச் செய்வது, மறுபாதியைப் பத்திரமாக எப்படி நடப்பது என்பதே இந்த அத்தியாயம்.

பிரிஸ்பேனிலோ கோல்டு கோஸ்டிலோ வசிப்பவர்களையும், அங்கே பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருக்கும் பெற்றோரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். வழிகாட்டியை அமர்த்தத் தேவையில்லை; பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. கூடாரம் போட்டுத் தங்கினால் மட்டும் அனுமதிச்சீட்டு வேண்டும்.

பின்னணி: இவ்வளவு போதும்

லாமிங்டன் குவீன்ஸ்லாந்தின் தென்கோடியில், நியூ சவுத் வேல்ஸ் எல்லையை ஒட்டிய மக்பெர்சன் மலைத்தொடரில் இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய 206 சதுர கி.மீ. இரண்டு வாசல்கள்: மேற்கே கிரீன் மவுண்டன்ஸ் (ஓரைலி விருந்தினர் விடுதி இருக்கும் இடம்), கிழக்கே பின்னா பர்ரா. இரண்டையும் காட்டுக்குள்ளாக இணைப்பது 21.4 கி.மீ. நீளமுள்ள எல்லைத் தடம்.

இந்த மலைகள் யூகம்பே மொழி பேசும் மக்களின் நாடு. 1863 முதல் 1866 வரை இரு குடியேற்ற அரசுகளின் நில அளவையர்கள் மலைமுகட்டின் நீர்ப்பிரிவைப் பிடித்துக்கொண்டு எல்லை அளந்தார்கள். செந்தேவதாரு வெட்டுவோர் பள்ளத்தாக்குகளுக்குள் புகுந்து மரத்தைச் சூறையாடினார்கள். (இந்த மரம் நமக்கு அந்நியமன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் சந்தன வேம்பு என்று அழைக்கப்படும் அதே இனம்தான்.) ராபர்ட் கொலின்ஸ் என்ற பண்ணையார் 1878இல் அமெரிக்கா போய், அங்கே யெல்லோஸ்டோன் காப்பாற்றப்பட்டதை அறிந்து வந்து, இந்த மலைக்கும் அதுபோல வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். பலன் காணாமலே 1913இல் இறந்தார். அவர் விட்ட இடத்தில் தொடங்கியவர் ரோமியோ லேஹி. மரம் அறுக்கும் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை, பொறியாளர். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார், படம் காட்டிக் கூட்டங்களில் பேசினார். 1915 ஜூலையில் பூங்கா அறிவிக்கப்பட்டது. காட்டை விற்றுப் பிழைத்த வீட்டுப் பிள்ளையே காட்டுக்காக அலைந்தார் என்பதை, அவர் வகுத்த பாதைகளில் நடக்கும்போது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவின் பெயர் குவீன்ஸ்லாந்து ஆளுநராக 1896–1901 காலத்தில் இருந்த லாமிங்டன் பிரபுவினுடையது. அவரே பின்னர் 1903–1907இல் பம்பாய் ஆளுநரானார். 1940 மார்ச் 13 அன்று லண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில், ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பழிவாங்க உத்தம் சிங் மைக்கேல் ஓட்வையரைச் சுட்டபோது காயமடைந்தவர்களில் அவரும் ஒருவர். ஒரு காட்டுப் பெயர்ப்பலகை ஜாலியன்வாலா பாக் வரை கொண்டுபோய் விடுகிறது.

திட்டமிடல்: ஆறு படிகள்

1. ஒரு நடைக்கு ஒரு கேள்வி. "லாமிங்டன் வரலாறு" என்று புறப்பட்டால் எதுவும் மனத்தில் ஒட்டாது. விடை தேடக்கூடிய ஒரு கேள்வியாகச் சுருக்குங்கள். சில மாதிரிகள்: இந்தப் பாதைகளை யார், எப்படிப் போட்டார்கள்? மாடு வளர்க்க வந்த ஓரைலி குடும்பம் விருந்தினர் விடுதி நடத்தும் நிலைக்கு எப்படி வந்தது? 1937இல் காணாமல்போன விமானம் ஒன்பது நாள் ஏன் கிடைக்கவில்லை? கேள்வி முடிவானதும் வழியும் நேரமும் தாமே சுருங்கும்.

2. ஆவணங்களைத் தேடுங்கள். மூன்று இடங்கள் போதும். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் இணையதளத்தில் பழைய நாளிதழ்களை இலவசமாகப் படிக்கலாம்; இடப்பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். குவீன்ஸ்லாந்து அரசின் பழைய வான்வழிப் படங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. எங்கே காடு வெட்டப்பட்டிருந்தது, எங்கே திரும்பி வளர்ந்தது என்பதை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது, பிரிஸ்பேனுக்கும் கோல்டு கோஸ்டுக்கும் இடையே பீன்லீயில் உள்ள யூகம்பே அருங்காட்சியகம். முதல் இரண்டும் குடியேறியவர்களின் கண்ணால் பார்த்தவை. மூன்றாவதைத் தவிர்த்தால் உங்கள் நடை 1860களில்தான் தொடங்கும். அது தவறான தொடக்கம்.

3. கதையையும் பதிவையும் பிரித்துக் குறியுங்கள். லாமிங்டன் பிரபு இங்கே வந்தபோது ஒரு கோலாவைச் சுட்டார் என்று சொல்வார்கள். பால்மாடுகள் மலையேறும் சரிவைப் பார்த்தே லேஹி பாதைச் சரிவை முடிவு செய்தார் என்றும் சொல்வார்கள். சொல்லுங்கள், ஆனால் "சொல்வதுண்டு" என்ற அடையாளத்தோடு. குறிப்பேட்டில் பதிவுக்கு ஒரு நிறம், செவிவழிக் கதைக்கு ஒரு நிறம் என வைத்துக்கொண்டால் நடக்கும்போது குழப்பம் வராது.

4. நிறுத்தங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்தையும் மூன்று சோதனைகளுக்கு உட்படுத்துங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒரு சான்று அங்கே இருக்கிறதா? அதைப் பற்றி நீங்கள் படித்த ஆவணம் ஒன்றாவது உண்டா? உங்கள் குழு முழுவதும் பாதையை விட்டிறங்காமல் பத்து நிமிடம் நிற்க இடம் இருக்கிறதா? மூன்றும் தேறாத இடத்தைத் தயங்காமல் நீக்குங்கள். அரைநாள் நடைக்கு நான்கு நிறுத்தம், முழுநாளுக்கு ஆறு. அதற்கு மேல் போனால் கேட்பவர்கள் காலைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

5. நேரத்தைக் கணக்கிடுங்கள். பூங்காத் துறை தரும் நேரம் நில்லாமல் நடப்பவர்களுக்கானது. வரலாற்று நடைக்கு மணிக்கு 2 கி.மீ. என்று போடுங்கள், நிறுத்தத்துக்கு 10 நிமிடம் கூட்டுங்கள், சாப்பாட்டுக்கு 40 நிமிடம். மோரன் அருவித் தடம் போகவர 4.4 கி.மீ.; நான்கு நிறுத்தங்களோடு மூன்று மணி நேரம் ஆகும். கடைசி நிறுத்தத்திலிருந்து வண்டிக்குத் திரும்பும் நேரம் சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். ஜூனில் மாலை 5 மணியளவில் வெளியே சூரியன் மறையும். மரக்கூரையின்கீழ் அதற்கு வெகு முன்பே இருட்டிவிடும்.

6. எச்சரிக்கைகளைப் பாருங்கள். புறப்படும் நாளுக்கு முந்தைய இரவும், அன்று காலையும், பூங்காத் துறை இணையதளத்தில் லாமிங்டன் பக்கத்துக்குப் போய்ப் பாதை மூடல் அறிவிப்புகளைப் படியுங்கள். புயல்மழைக்குப் பின் மண்சரிவால் தடங்கள் மாதக்கணக்கில் மூடிக்கிடப்பதுண்டு. மூடிய தடத்தில் "கொஞ்ச தூரம் மட்டும்" போவது கிடையாது. அதற்காகவே மாற்று வழி ஒன்றையும் எழுதி வைத்திருங்கள்.

குறிப்பு: திட்டத்தை ஒரே தாளில், இருபுறமும், கையால் எழுதுங்கள். பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். ஈரத்தில் கைபேசித் திரை விரலுக்குப் பணியாது.

மாதிரி நடை ஒன்று: பாதை போட்டவர்கள் (கிரீன் மவுண்டன்ஸ், ஒரு நாள்)

முதல்முறை வருபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். இதில் சான்று உங்கள் காலடியிலேயே இருக்கிறது; தேடி அலைய வேண்டாம்.

கனங்ராவில் பெட்ரோல் போட்டுவிடுங்கள், மேலே கிடைக்காது. அங்கிருந்து 36 கி.மீ. வளைவுச் சாலை, சில இடங்களில் ஒரே வண்டி போகும் அகலம். வாந்தி வரும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் முன்பே மாத்திரை கொடுத்துவிடுங்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் இருபது நிமிடம் உட்கார வையுங்கள்.

கனங்ராவிலேயே கதை தொடங்குகிறது. லேஹி குடும்பத்தின் அறுப்பாலை இருந்த ஊர் இது. டார்லிங்டன் குன்றுத் தொடரைக் குடைந்து சுரங்கம் போட்டு, டிராம் தண்டவாளத்தில் மரங்களை இங்கே கொண்டுவந்தார்கள். வண்டியில் இருக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். மேலே போனதும் வேறு பேச்சு இருக்கிறது.

நிறுத்தம் 1 – விடுதி வாசல். 1911இல் ஓரைலி குடும்பங்கள் இரண்டைச் சேர்ந்த எட்டு இளைஞர்கள், சகோதரர்களும் ஒன்றுவிட்ட சகோதரர்களும், நியூ சவுத் வேல்ஸின் நீலமலைப் பகுதியிலிருந்து வந்து ஆளுக்கு 100 ஏக்கர் எடுத்தார்கள். எண்ணம் பால்பண்ணை. நான்கே ஆண்டில் அவர்கள் நிலத்தைச் சுற்றிப் பூங்கா வந்துவிட்டது, சாலை வரவில்லை. பால் விற்க வழியில்லாத இடத்துக்குக் காடு பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். குதிரையேறி வந்த அவர்களுக்கு இடம் கொடுத்துப் பழகி, 1926 ஈஸ்டரில் விருந்தினர் விடுதி திறந்தார்கள். இங்கே நின்று உங்கள் குழுவைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். புல்வெளி எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது? அந்தக் கோடுதான் அன்றைய நில ஒதுக்கீட்டின் விளிம்பைக் காட்டும்.

நிறுத்தம் 2 – எல்லைத் தடத்தின் முதல் கிலோமீட்டர். இங்கே நிதானமாக இருங்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்களுக்கு நிவாரணக் கூலி கொடுத்து அரசு பல வேலைகளைச் செய்வித்தது. 1937 முதல் லாமிங்டனின் சரிவுப் பாதைகள் அப்படிப் போடப்பட்டன. விதி ஒன்று: பத்தடி நடந்தால் ஓரடிக்கு மேல் ஏற்றம் கூடாது. இதைச் சொன்னால் யாருக்கும் ஒட்டாது. செய்து பார்க்க வையுங்கள். ஐந்து நிமிடம் பேசிக்கொண்டே ஏறுங்கள். மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று கேளுங்கள். முடியும். அதற்காகத்தான் பாதை மலையை நேராகத் தாக்காமல் சுற்றிச் சுற்றிப் போகிறது. பிறகு கீழ்ப்பக்கத்தைக் காட்டுங்கள்: சாந்தில்லாமல் அடுக்கிய கல்வரிசைகள், ஓடைத் தண்ணீர் பாதையைக் கடந்துபோகக் கல் பாவிய தாழ்வுகள். இயந்திரம் நுழையாத இடத்தில் ஆட்கள் கையால் அடுக்கியவை. பாசி மூடியிருப்பதால் பாறையென்றே நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். தொட வேண்டாம், பாசியை உரிக்க வேண்டாம். குனிந்து பாருங்கள், போதும்.

யார் யார் இங்கே உழைத்தார்கள் என்ற பெயர்ப்பட்டியல் பாதையோரம் எங்கும் இல்லை. பூங்காவின் மிகப் பெரிய கட்டுமானத்துக்குப் பெயர் சொல்லும் கல் ஒன்றில்லை என்பது என்னை ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. ட்ரோவில் அந்த ஆண்டுகளின் நாளிதழ்ச் செய்திகளைத் தேடி, ஒன்றிரண்டை அச்செடுத்துக் கொண்டுபோய் இந்த இடத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

ஒன்றரை கிலோமீட்டர் போனதும் திரும்பலாம். கால் பலமுள்ளவர்கள் விடுதியிலிருந்து சுமார் 6 கி.மீ. தொலைவிலுள்ள பித்தாங்கபெல் முகடு வரை போகலாம். மலை எல்லையாவது எப்படி என்பது அங்கே புரியும்: முகட்டின் வடக்கே விழும் மழை குவீன்ஸ்லாந்து ஆறுகளுக்கு, தெற்கே விழுவது நியூ சவுத் வேல்ஸுக்கு. அங்குள்ள அண்டார்டிக் பீச் மரங்கள் கோண்டுவானாக் கண்டத்தின் மிச்சங்கள். பழைய அடிமரம் செத்தாலும் வேர்முடியிலிருந்து புதுத்தண்டுகள் வட்டமாகக் கிளம்பும்.

நிறுத்தம் 3 – மோரன் அருவிப் பார்வைமேடை, மதியத்துக்குப் பின். மேற்கே பள்ளத்தாக்கின் மேய்ச்சல் நிலங்கள் தெரியும். 1915க்குப் பதில் இன்னும் இருபது ஆண்டுகள் கடந்திருந்தால் நீங்கள் நிற்கும் சரிவும் அந்த நிறத்தில்தான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. நீங்கள் உடன்பட வேண்டியதில்லை. வான்வழிப் படத்தை எடுத்துப் பார்த்துக் குழுவோடு வாதாடுங்கள்.

மாதிரி நடை இரண்டு: பின்னா பர்ரா, அரைநாள்

குகைச் சுற்று சுமார் 5 கி.மீ. அதில் க்வீபானி குகை என்ற பாறைக்குடைவு இருக்கிறது. யூகம்பே மக்கள் நெடுங்காலம் சமைத்துத் தங்கிய இடம். இது பழங்குடி மக்களின் இன்றைய பெருமைக்குரிய இடமும்கூட. கோயில் பிரகாரத்துக்குள் நடந்துகொள்வதுபோல நடந்துகொள்ளுங்கள்: சத்தம் போடாமல், கல்லைத் தொடாமல், எதையும் எடுக்காமல், எதையும் வைக்காமல்.

திரும்பி வந்ததும் விடுதி வளாகம். லேஹியும் ஆர்தர் குரூமும் 1930களின் தொடக்கத்தில் அமைத்தது. சாலை இல்லாததால் சாமான்களைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு மேலே இழுத்தார்கள். விருந்தினர் நடந்து ஏறினார்கள். 2019 செப்டம்பரில் காட்டுத்தீ வந்து பழைய மரக்கட்டடத்தை எரித்தது. ஈரக் காட்டின் விளிம்பில் தீ இவ்வளவு தூரம் வந்தது பலரை உலுக்கிய நிகழ்வு. அந்த இடத்தில் நிற்கும்போது சுற்றியுள்ள யூகலிப்டஸ் அடிமரங்களில் கரி தெரிகிறதா என்று பாருங்கள்.

நேரமிருந்தால் டல்லவல்லால் குன்றுக்குப் போய் வரலாம், போகவர சுமார் 10 கி.மீ. பீச் மரத் தோப்பு ஒன்று தனித்தீவுபோல நிற்கிறது.

ஸ்டின்சன் கதை: எதை நடக்கலாம், எதைக் கூடாது

எல்லோரும் கேட்பது இதைத்தான், ஆகவே தெளிவாகச் சொல்கிறேன்.

1937 பிப்ரவரி 19 அன்று பிரிஸ்பேனிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய ஸ்டின்சன் விமானம் புயல்மழையில் காணாமல் போனது. ஏழு பேர் அதில் இருந்தார்கள். சிட்னிக்கு அருகே விமானத்தைப் பார்த்ததாகச் சிலர் சொன்னதால் தேடல் முக்கியமாக அங்கே நடந்தது. விடுதிக் குடும்பத்தைச் சேர்ந்த பெர்னார்ட் ஓரைலி அதை நம்பவில்லை. வரைபடத்தில் விமானத்தின் பாதையை இழுத்துப் பார்த்து, மலையைத் தாண்டியிருக்காது என்று முடிவுகட்டித் தனியாகக் காட்டுக்குள் இறங்கினார். தொலைவில் ஒரு முகட்டில் எரிந்த மரம் ஒன்று தெரிந்தது. பச்சைக் காட்டில் எரிந்த மரத்துக்குக் காரணம் வேண்டும். பிப்ரவரி 28 அன்று விமானத்தை அடைந்தார். பின்ஸ்டெட், ப்ரவுட் என்ற இருவர் உயிரோடு இருந்தார்கள். ப்ரவுடின் கால் முறிந்திருந்தது. பின்ஸ்டெட் பள்ளத்திலிருந்து தண்ணீர் சுமந்து வந்து அவரைக் காத்திருந்தார். உதவி தேடிப் புறப்பட்ட மூன்றாமவர் வெஸ்ட்ரே பாறையிலிருந்து விழுந்து, ஓடைக்கரையில் இறந்துவிட்டார். பள்ளத்தாக்கு மக்கள் காட்டை வெட்டி வழிசெய்து, இருவரையும் தூக்கி வந்தார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது: ஓரைலி விடுதியருகே உள்ள மீட்பு நினைவுச் சிலையையும், இந்தக் கதையை வைத்து 1987இல் வந்த படத்துக்காகச் செய்த மாதிரி விமானத்தையும் பார்த்து, கதையை அங்கே சொல்லுங்கள். பெர்னார்ட் ஓரைலி 1940இல் எழுதிய 'கிரீன் மவுண்டன்ஸ்' நூலை முன்பே படித்துவிட்டு வந்தால் சிலையின் ஒவ்வொரு முகமும் தெரிந்த முகமாகும்.

செய்யக் கூடாதது: விமானம் விழுந்த இடத்துக்குப் போக முயல்வது. அது சீராகப் போட்ட சரிவுப் பாதையன்று. குறியீடுகள் இல்லாத, 30 கி.மீட்டருக்கும் மேற்பட்ட கரடான நடை. திசைகாட்டியும் நில வரைபடமும் வைத்துக் காட்டில் பயணித்துப் பழகியவர்களே திணறும் இடம். மீட்புக்கதையைப் பார்க்கப் போய் மீட்கப்பட வேண்டியவராக ஆகாதீர்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

எல்லைத் தடத்தை ஒருமுனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கத் திட்டமிட்டு, வண்டியை மறந்துவிடுவது. காட்டுக்குள் 21 கி.மீ.; சாலையில் மலையிறங்கிச் சுற்றி ஏற வேண்டும், ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. மறுமுனையில் அழைத்துப்போக ஆளை ஏற்பாடு செய்யாமல் தொடங்காதீர்கள். இந்த நடையில் நிறுத்தங்களுக்கு நேரமே இருக்காது என்பதால், வரலாற்று நடைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கைபேசிக் கடிகாரத்தை நம்புவது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நியூ சவுத் வேல்ஸில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடும், குவீன்ஸ்லாந்தில் இல்லை. முகட்டில் எல்லைக்கப்பால் உள்ள கோபுரத்தின் அலை கிடைத்தால் கைபேசி தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும். கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து வந்த அப்பா, அம்மாவைச் செருப்போடு அழைத்துப் போவது. ஈரவேரில் வழுக்கினால் இடுப்பெலும்பு. பிடிப்புள்ள ஷூ, ஒரு ஊன்றுகோல், அவர்கள் வேகத்துக்கே குழு முழுவதும் நடப்பது. அவர்களை முன்னால் விடுங்கள், பின்னால் இழுத்து வராதீர்கள்.

சாப்பாட்டில் சிக்கனம். மழைக்காட்டின் குளிர் பசியைக் கூட்டும். புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, கொஞ்சம் வேர்க்கடலை, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். பறவைக்கு ஒரு பருக்கையும் போடாதீர்கள். குப்பை அனைத்தும் வண்டிக்குத் திரும்ப வேண்டும். வீட்டு நாய்க்குப் பூங்காவில் அனுமதியில்லை.

பாதுகாப்பு

1. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டிலுள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். "இந்த நேரத்துக்குள் போன் வராவிட்டால் 000 என்ற அவசர எண்ணை அழை" என்பதும் அதில் இருக்கட்டும். பூங்காவின் பெரும்பகுதியில் கைபேசி வேலை செய்யாது. நீண்ட நடைக்கு அவசர சமிக்ஞைக் கருவியை வாடகைக்கு எடுங்கள்.

2. ஓடை பொங்கியிருந்தால் கடக்காதீர்கள். திரும்புங்கள், அல்லது வடியும்வரை காத்திருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை மதியத்துக்குப் பின் இடிமழை வழக்கம். அந்த மாதங்களில் அதிகாலையில் தொடங்குங்கள்.

3. கொட்டுமரம். இதய வடிவ அகன்ற இலை, வெயில் விழும் திறப்புகளில் பாதையோரமாக வளரும். இலையில் ஓட்டைகள் நிறைய இருக்கும். கண்ணுக்குத் தெரியாத முட்கள் தோலில் ஏறினால் வலி நாள்கணக்கில் நிற்கும். காய்ந்து விழுந்த இலையும் கொட்டும். பட்டுவிட்டால் தேய்க்கவே கூடாது. முடி நீக்கும் மெழுகுப் பட்டையை ஒட்டி இழுத்தால் முட்கள் வரும். முதலுதவிப் பையில் அதை வையுங்கள். பிள்ளைகளுக்கு இந்த இலையின் படத்தை வீட்டிலேயே காட்டிவிடுங்கள்.

4. அட்டை. வால்பாறையில் நடந்தவர்களுக்குப் புதிதில்லை. நகத்தால் வாய்ப்பக்கம் நெருடினால் விழுந்துவிடும்.

5. உண்ணி. இங்கே உள்ள ஓர் இனம் நச்சுடையது, கடும் ஒவ்வாமையும் வரவைக்கும். விரலால் பிடுங்காதீர்கள், நசுக்காதீர்கள். மருந்துக்கடையில் விற்கும் உறையவைக்கும் தெளிப்பானால் இருந்த இடத்திலேயே கொல்லுங்கள். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ தெரிந்தால் 000.

6. பாம்பு கடித்தால் இறுக்கக் கயிறு கட்டுவது, கீறுவது, கழுவுவது மூன்றும் கூடாது. அகன்ற, இழுபடும் கட்டுத்துணியால் கடிபட்ட கை அல்லது கால் முழுவதையும் இறுக்கிச் சுற்றி, குச்சி வைத்து அசையாமல் கட்டி, அவரை நடக்கவிடாமல் படுக்க வைத்து உதவி கேளுங்கள். இரண்டு கட்டுத்துணிகள் பையில் இருக்க வேண்டும்.

7. பார்வைமேடைக் கம்பியைத் தாண்டாதீர்கள். புகைப்படத்துக்காகப் பாறை விளிம்பில் நிற்பவர்களைக் குழுத்தலைவர் கண்டிப்போடு தடுக்க வேண்டும்.

நடை நாளன்று

ஒருவர் கதை சொல்பவர், ஒருவர் நேரம் பார்ப்பவர், ஒருவர் கடைசியாக நடப்பவர். மூன்று வேலையும் ஒரே ஆளிடம் இருந்தால் மூன்றும் கெடும். நடக்கும்போது கதை சொல்லாதீர்கள். பின்னால் வருபவருக்குக் கேட்காது, சொல்பவர் காலைப் பார்க்கமாட்டார். நின்று, எல்லோரும் சேர்ந்தபின், மூன்று நிமிடம் சொல்லுங்கள். மீதி ஏழு நிமிடத்தை அவர்கள் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் விடுங்கள். பேசாத பிள்ளையிடம் வான்வழிப் படத்தைக் கொடுத்து, "நாம் எங்கே நிற்கிறோம், கண்டுபிடி" என்று கேளுங்கள்.

திட்டமிட்ட நேரத்துக்கு அரைமணி பின்தங்கினால் ஒரு நிறுத்தத்தைக் கைவிடுங்கள். எதைக் கைவிடுவது என்பதையும் தாளிலேயே முன்கூட்டிக் குறித்து வைத்திருங்கள். களைப்பில் எடுக்கும் முடிவு சரியாக இருப்பதில்லை.

திரும்பியபின்

வண்டி ஏறுமுன் ஷூவின் அடிமண்ணைத் தூரிகையால் தட்டுங்கள். மரங்களைக் கொல்லும் நோய்கள் ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்கு மண்ணோடு போகின்றன. வீட்டுக்கு வந்ததும் குளித்து, காதுமடல், அக்குள், முழங்கால் மடிப்பு, பிள்ளைகளின் தலைமுடி எல்லாவற்றிலும் உண்ணி தேடுங்கள். உங்கள் பயண விவரத்தை வைத்திருப்பவரிடம் "வந்துவிட்டோம்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த இரண்டு நாளுக்குள் உங்கள் தாளைத் திருத்துங்கள்: எந்த நிறுத்தத்தில் சான்று தெரியவில்லை, எங்கே நேரம் போதவில்லை, எந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை. அந்தக் கடைசி வரிசைதான் அடுத்த நடைக்கான முதல் படி. திருத்திய தாளைப் படமெடுத்து, அடுத்து போகவிருக்கும் நண்பர் குடும்பத்துக்கு அனுப்பிவையுங்கள்.